தாம்பரம் டிரிப் திண்டிவனம் வரை நீண்டால் பாக்கியை யாரிடம் கேட்பது?

கேள்வி: வக்கீல் ஐயா, வணக்கம். சென்னையில் சொந்தக் காரை ஒரு ஆப்பில் இணைத்து நானே ஓட்டுகிறேன். வண்டிக்கு இன்னும் டியூ போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு ராத்திரி ஏர்போர்ட்டிலிருந்து தாம்பரத்துக்கு டிரிப் விழுந்தது. குரோம்பேட்டை தாண்டும்போது கஸ்டமருக்கு ஊரிலிருந்து போன். அப்பாவுக்கு முடியவில்லையாம். "அண்ணே, அப்படியே திண்டிவனம் போயிடுங்க" என்று சொல்லி டிராப்பை ஆப்பிலேயே மாற்றினார். என் திரையிலும் திண்டிவனம் என்று வந்தது. இறக்கிவிட்டு டிரிப்பை முடித்தால், தாம்பரத்துக்குக் காட்டிய வாடகைக்கு மேல் இருநூறு ரூபாய்தான் கூடியிருந்தது. "ஆப்ல காட்டினது இவ்வளவுதானே அண்ணே" என்று அதை மட்டும் ஜிபே செய்துவிட்டுப் போய்விட்டார். டோல் இரண்டு பக்கமும் என் ஃபாஸ்டேக்கில் போனது. காலியாகத் திரும்பி வந்தேன். அந்தத் தொகையிலும் கமிஷன் பிடித்தார்கள். புகார் போட்டால் "முன்கூட்டியே காட்டிய கட்டணமே இறுதியானது" என்று பதில். விடாமல் கேட்டதும் ஐடியை முடக்கிவிட்டார்கள். கஸ்டமரைப் பிடிப்பதா, கம்பெனியைப் பிடிப்பதா? போலீசுக்குப் போகலாமா? இனி இப்படி யாராவது கேட்டால் வழியில் இறக்கிவிடலாமா?
- பெயர் வேண்டாம், பெருங்களத்தூர்

பதில்: கஸ்டமரை விட்டுவிடுங்கள். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் ஆப் கேட்ட தொகையை அவர் கொடுத்துவிட்டார். டிராப்பை மாற்றாமல், "மேலே போட்டுத் தர்றேன், வாங்க" என்று வாய்மொழியாக அழைத்துப் போயிருந்தால் கதை வேறு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல், சட்டப்படியான ஒரு வேலையை நீங்கள் ஒருவருக்காகச் செய்து, அதன் பலனை அவர் அனுபவித்தால், அவர் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். பேசிய தொகை இன்னது என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் நியாயமான தொகையைக் கேட்கலாம். உங்கள் விஷயத்தில் டிராப் மாறியது ஆப்பில், கணக்குப் போட்டதும் ஆப். எனவே பதில் சொல்ல வேண்டியது கம்பெனி.

போலீசுக்குப் போனால் மிஞ்சிப் போனால், புகார் வாங்கியதற்கு அடையாளமாக ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். மோசடி வழக்குக்கு, ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். இது பணப் பாக்கி, சிவில் விவகாரம் என்று அனுப்பிவிடுவார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் சம்பள பாக்கி மனு போடச் சொல்லும் நண்பர்களும் உங்களுக்கு இருப்பார்கள். 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்று சொன்ன தீர்ப்பு வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. அது இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. நம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு உங்களை 'கிக்' தொழிலாளராக (மாதச் சம்பளம் இல்லாமல் டிரிப் டிரிப்பாக வேலை செய்பவராக) அங்கீகரிக்கிறது, நலத்திட்டங்களுக்கு வழி செய்கிறது. டிரிப் பாக்கியை வசூலித்துத் தருவது அதன் வேலை அல்ல.

கம்பெனியிடம் என்ன கேட்பது? எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

உங்களிடம் இருப்பதிலேயே வலுவானது தாம்பரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவிலுள்ள தூரம். கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். 'முன்கூட்டியே காட்டிய கட்டணம்' என்று அவர்கள் சொல்வது தாம்பரத்துக்குக் காட்டியது. டிராப்பை மாற்ற ஆப் அனுமதித்த நிமிடத்தில் அந்தப் பயணம் வேறு பயணமாகிவிட்டது. நூறு கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய் எந்தக் கணக்கில் வந்தது, கிலோமீட்டர் ரேட் என்ன, நேரத்துக்கு எவ்வளவு என்று கட்டண விவரத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. மென்பொருள் கோளாறு என்றால் அதன் நஷ்டத்தை ஓட்டுநர் தலையில் கட்ட முடியாது.

அடுத்தது டோல். போகும்போது பரனூரிலும் ஆத்தூரிலும் பிடித்தது பயணத்தின் செலவு, அதைத் தயங்காமல் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் திரும்பியதால் வரும்போது பாதிதான் பிடித்திருக்கும். அந்தப் பாதியும் காலியாகத் திரும்பிய டீசலும்தான் உங்கள் வழக்கில் பலவீனமான இடம். 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட மோட்டார் வாகன அக்ரிகேட்டர் (ஆப் வழியாக வண்டி சேர்த்துவிடும் கம்பெனி) வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடம் வரைதான் கட்டணம். காலி ஓட்டத்துக்கு ஈடாக, குறைந்தபட்சம் 3 கிலோமீட்டருக்கான அடிப்படைக் கட்டணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். தெருவுக்குத் தெரு ஓடுகிற டிரிப்பை நினைத்து எழுதிய விதி அது. திண்டிவனத்திலிருந்து நடுராத்திரி காலியாக வருகிறவனுக்கு அது போதாது என்பது என் கருத்து. ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. திரும்பிய செலவையும் கேளுங்கள், கிடைத்தால் லாபம். அதையே முதல் வரியாக எழுதாதீர்கள்.

கமிஷனையும் சரிபாருங்கள். சொந்த வண்டி ஓட்டுபவருக்கு ஓட்டுநர் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும், இரண்டு வாரத்துக்கு மேல் கணக்கை இழுக்கக் கூடாது என்று அதே நெறிமுறைகள் சொல்கின்றன. இதில் ஒரு சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 93ஆவது பிரிவின்படி ஆப் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுப்பது மாநில அரசு. மத்திய அரசின் நெறிமுறைகளை அது பின்பற்றலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை. ஆகவே நெறிமுறையை மட்டும் நம்பி வழக்குப் போடாமல், உங்கள் ஒப்பந்தத்திலுள்ள ரேட்டை முன்வைத்து, இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? மாவட்ட நுகர்வோர் ஆணையம். "நீங்கள் எங்கள் பார்ட்னர், நுகர்வோர் அல்ல" என்று கம்பெனி முதல் நாளே சொல்லும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7)இன் விளக்கத்தைக் காட்டுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. விளக்கத்தில் பொருள் என்றுதான் இருக்கிறது, சேவைக்கும் அதே நியாயம்தான் என்று நீங்கள் வாதாட வேண்டும். நீங்கள் கமிஷன் கொடுத்து ஆப்பின் சேவையை வாங்குகிறீர்கள், ஒரே வண்டி, நீங்களே ஓட்டுகிறீர்கள். நான்கு வண்டி வாங்கி ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இந்த வாதம் நிற்பது கஷ்டம். எதிர்த்தரப்பு வாதாட இடமுள்ள விஷயம்தான், ஆனாலும் முயன்று பார்க்கலாம். ஒப்பந்தத்தில் 'ஆர்பிட்ரேஷன், பெங்களூரில்' (கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் தீர்த்துக்கொள்வது) என்று இருந்தாலும் பயப்பட வேண்டாம். அந்த ஷரத்து நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்பதை எம்மார் எம்ஜிஎஃப் என்ற கட்டுமானக் கம்பெனியின் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. கெடு இரண்டு வருடம். அதற்கு முன் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

ஐடி முடங்கிவிட்டதால் பழைய டிரிப் விவரம் ஆப்பில் திறக்காமல் போகலாம். இருக்கும் ஸ்கிரீன்ஷாட், மெயில், ஜிபே ரசீது எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட். பரனூரை எத்தனை மணிக்குத் தாண்டினீர்கள், ஆத்தூரை எத்தனை மணிக்கு என்று அதில் நிமிடத்தோடு இருக்கும். கம்பெனியின் ஜி.பி.எஸ். பதிவு என்ன சொன்னாலும் இதை மறுக்க முடியாது. ஸ்கிரீன்ஷாட்களைத் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆவணங்களுக்குத் தேவைப்படும் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆவது பிரிவுச் சான்றிதழையும் சேருங்கள்.

ஐடி முடக்கத்தை அதே மனுவில் சேவைக் குறைபாடாகச் சேர்த்து, மீண்டும் திறக்கவும் ஈடு தரவும் கேளுங்கள். கர்நாடகத்தில் கிக் தொழிலாளர்களுக்கென்றே சட்டம் வந்து, நீக்குவதற்கு 14 நாள் முன் நோட்டீஸ் வேண்டும் என்றாகிவிட்டது. நம் ஊரில் கிக் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது, அதில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் நல உதவிக்குத்தான் அது பயன்படும், ஐடியைத் திறந்து தராது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஒப்புக்கொண்ட டிராப்புக்கு முன்னால் நெடுஞ்சாலையில் இறக்கிவிடாதீர்கள், அது உங்கள் பர்மிட்டுக்கே வினையாகும். தாம்பரம் வரை கொண்டுபோய் டிரிப்பை முடியுங்கள். அதற்கு மேல் ஓட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. "அவுட்ஸ்டேஷன்ல புதுசா புக் பண்ணுங்க சார்" என்று சொல்லி, திரையில் தெரியும் ரேட்டைப் பார்த்த பிறகு வண்டியை எடுங்கள். ஓடும்போதே டிராப் மாறினால், பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஓரமாக நிறுத்தி, புதுத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர் கேட்பது புதுச்சேரி என்றால், தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓடும் பர்மிட்டை வைத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். அங்கே மாட்டினால் அபராதத்தை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.