எக்கோ நார்மல்தான், மேடு ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது?

கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: இரவில் யானை வந்து சமையலறைச் சுவரை இடித்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்கு (வயது 61) நெஞ்சுவலி. கோவையில் ஆஞ்சியோ எடுத்ததில் அடைப்பு இல்லை, 'டகோட்சுபோ' என்றார்கள். மூன்று மாதமாகிறது, எக்கோ (இதய ஸ்கேன்) நார்மல். ஆனாலும் மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. பிரமையா? தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகலாமா?

பிரமை இல்லை. வீட்டில் யாரும் அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

பெரும் அதிர்ச்சியில் அட்ரினலின் ரத்தத்தில் வெள்ளமாய்ப் பாயும்போது, இதயத்தின் இடது கீழறை நுனி மரத்துப்போய், சுருங்காமல் உப்பி நிற்கும். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவம் அது. அந்தப் பானைதான் 'டகோட்சுபோ'; 1990-இல் அங்குள்ள மருத்துவர்கள் இந்த நோய்க்கு வைத்த பெயர். பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள்.

எக்கோ சீட்டில் 'இ.எஃப்.' என்ற எண் (இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 55-க்கு மேல் இருந்தால் நார்மல். அது பெரும்பாலும் சில வாரங்களிலேயே திரும்பிவிடும். ஆனால் அது படுத்திருக்கும்போது எடுத்த கணக்கு. தசையின் உள்வீக்கமும் சக்திக் குறைவும் பல மாதம் நீடிக்கலாம். ஏற்றத்தில்தான் அது தெரியும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு பாருங்கள். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையும் அசதி தரும், ஆனால் தானாக நிறுத்தினால் ஆபத்து.

தோட்டத்துக்குப் போகும் முன் டிரெட்மில் சோதனை தேவையா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால், சமதளத்தில் தினம் இரண்டு வேளை பத்து நிமிட நடை. வாரம் ஐந்து நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். அரை மணி நேரம் சிரமமின்றி நடந்தால் சிறு ஏற்றம், பிறகு அரை நாள் கொழுந்து. எடை போடும் இடத்துக்கு மூட்டையை வேறொருவர் சுமக்கட்டும். விடியல் குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும்; வெயில் வந்தபின் இறங்கட்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் ரத்தக்குழாயைச் சுருக்கும் ஃபினைல்எஃப்ரின் இருக்கும், வேண்டாம்.

தூக்கத்தில் பதறி எழுவது இன்னும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவும் இந்தச் சிகிச்சையின் பகுதிதான்.

இது சிலருக்குத் திரும்ப வரும். அடுத்த முறை வலி வந்தால் 'அதே பயம்தான்' என்று காத்திருக்க வேண்டாம். மாரடைப்பா இதுவா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது. உடனே 108, கோவை வரை மலைப்பாதையில் நேரம் போகும், அதனால் முதல் ஈ.சி.ஜி. பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே. பழைய ஆஞ்சியோ, எக்கோ சீட்டுகளை ஒரே கவரில் போட்டு வாசல் பக்கம் வையுங்கள்.