எதிர் உளவு வேலையை விட்டுத் தனியார் துப்பறிவாளர் ஆனால் அனுபவம் கைகொடுக்குமா?

அந்நிய உளவாளிகளையும் உள்ளிருந்தே ரகசியம் விற்பவர்களையும் கண்டுபிடிக்கும் எதிர் உளவுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தனியார் துப்பறியும் தொழில் சுலபமாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் ஓய்வை நெருங்குகிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டிலும் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், சுலபம் இல்லை. (பழைய ரகசியம் எதையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

முதலில் அதிகாரம் போய்விடும். ஒரு கடிதம் போட்டால் மேஜைக்கு வந்த வங்கிக் கணக்கும் தொலைபேசிப் பதிவும் இனி வராது. குறுக்கு வழியில் வாங்கினால் நீங்கள்தான் குற்றவாளி. மிஞ்சுவது பொறுமையும் தேதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும்தான். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவில் இருந்துகொண்டே சோவியத்துக்கு வேலை பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் பொய் கண்டறியும் சோதனையில் தேறிவிட்டார். சோவியத் தூதரக அதிகாரியுடன் சாப்பிடப் போன நாட்களையும் வங்கியில் பணம் போட்ட நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் சந்தேகம் இறுகியது. 1985-ல் தொடங்கியவர் 1994-ல்தான் கைதானார். தனியார் கிளையன்ட் உங்களுக்குத் தருவது ஒரு வாரம்.

என்னிடம் வந்த ஒரு முதலாளி, தன் கணக்காளர்தான் விலைப்பட்டியலைப் போட்டியாளருக்கு விற்கிறார் என்று சத்தியம் செய்தார். ஆதாரத்தை மட்டும் கொண்டு வா என்றார். எங்கள் பழைய உத்தியையே எடுத்தேன். பட்டியலைப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளின் தள்ளுபடியை மட்டும் லேசாக மாற்றிக் கொடுத்தோம். எந்த எண் வெளியே வருகிறதோ, அதை வாங்கியவர் வழியாகத்தான் கசிகிறது. வந்தது முதலாளியின் கையிலிருந்த பிரதியின் எண்! அவர் வீட்டில் போட்டுவைத்த தாளை மைத்துனர் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

கணக்காளர் தப்பித்தார். என் மீதிப் பணம் இன்றுவரை வரவில்லை. “நான் கேட்டது இது இல்லையே” என்றார் முதலாளி. பழைய வேலையில் ஒருவர் மீது தவறில்லை என்று நிரூபிப்பதும் முழு வேலைதான், சம்பளம் நிற்காது. இங்கே சந்தேகம் பொய் என்று சொன்னால் ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். அதனால் பணத்தில் பெரும்பகுதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பேராசை என்பவர்கள் ஒரு மாதம் இந்தத் தொழிலைச் செய்து பார்க்கட்டும்.

அப்புறம் உறவினர்கள். மருத்துவரிடம் போனால் கட்டணம் கொடுப்பவர்கள், “பையன் யாரோடு சுற்றுகிறான், சும்மா பார்த்துச் சொல்லேன்” என்று என்னிடம் மட்டும் இலவசமாகக் கேட்கிறார்கள். மறுத்தால், அரசாங்க வேலையில் இருந்த திமிர் இன்னும் போகவில்லையாம்.