கையெழுத்துப் போடலாமா, ஐயா?

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். பிள்ளைகளுக்குத் தமிழ் நாடகப் பயிற்சி நடத்த மானியம் கிடைத்தது. கணக்கில் 12 வகுப்பு, நடந்தது 5. மிச்சப் பணத்துக்குத் தலைவர் தம் மைத்துனர் கம்பெனி பில்லை நீட்டி, "கையெழுத்துப் போடும்மா" என்கிறார். சங்கத்தை வளர்த்தவர் அவர். வெளியே சொன்னால் நம் சமூகத்துக்குத்தானே அவமானம்?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: போடாதீர்கள் அம்மா.

சங்கக் கணக்குகளைப் பல ஆண்டுகள் தணிக்கை செய்தவன் நான். ஒரு சங்கத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு மூன்று பில் காட்டினார்கள். தேதிகள் மூன்று வெவ்வேறு மாதம், பில் எண்களோ அடுத்தடுத்து, கையெழுத்தும் ஒன்று. உங்களிடம் வந்த பில்லிலும் முதலில் எண்ணைப் பாருங்கள்.

தேசிய சிறுநீரக அறநிறுவனத்தை நடத்திய டி.டி. துரை என்றாலே எல்லாருக்கும் அவர் அலுவலகக் குளியலறையின் தங்க முலாம் குழாய் பற்றிய செய்திதான் ஞாபகம் வரும். அதை வெளியிட்ட பத்திரிகை நிறுவனத்தின் மேல் அவர் போட்ட வழக்கு 2005 ஜூலையில் விசாரணைக்கு வந்தபோதுதான் அவருடைய மாதச் சம்பளம் 25,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. ஆனால் 2007இல் அவருக்கு மூன்று மாதச் சிறை வாங்கிக் கொடுத்தது, செய்யாத வேலைக்கான 20,000 வெள்ளி பில் ஒன்று. லஞ்சம் கைமாற வேண்டியதில்லை. தாம் பணியாற்றும் அமைப்பை ஏமாற்றப் பொய் பில்லைத் தெரிந்தே பயன்படுத்தினாலே ஊழல் தடுப்புச் சட்டப்படி குற்றம். தெரிந்தே கையெழுத்திட்டால் நீங்களும் மாட்டுவீர்கள்.

அவமானம் என்கிறீர்கள். அன்று ஆயிரக்கணக்கானவர்கள் மாத நன்கொடையை நிறுத்தினார்கள். அந்தப் பணத்தை நம்பியிருந்தவர்கள் டயாலிசிஸ் நோயாளிகள். உங்கள் சங்கத்தில் ஏழு வகுப்பை இழந்தவர்கள் பிள்ளைகள். எனக்கு அவர்களை நினைத்தால்தான் வருத்தம்.

மைத்துனர் கம்பெனியிடம் வாங்கியது மட்டுமே தப்பாகிவிடாது. உறவைச் செயற்குழுவில் சொல்லி, முடிவெடுக்கும்போது தலைவர் விலகி நின்றிருந்தால் சரி. வேலையே நடக்காமல் பில் வந்தால் அது வேறு விஷயம்.

மானியக் கடிதத்தையும் வகுப்பு வருகைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு செயற்குழுவுக்குப் போங்கள். பில்லுக்கு ஒரு நகல் எடுங்கள், அசல் சங்கக் கோப்பிலேயே இருக்கட்டும். "இந்த வேலை எங்கே, எப்போது நடந்தது?" என்று கேளுங்கள்; கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மழுப்பினால், மானியம் கொடுத்த அமைப்புக்கு நீங்களே எழுதுங்கள். சங்கம் அறநிறுவனமாகப் பதிவானதென்றால் அறநிறுவன ஆணையருக்கும் எழுதலாம். பில் பொய் என்று உறுதியாகத் தெரிந்தால் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது.

"மிச்ச வகுப்பை இப்போது நடத்திவிடலாமே" என்று தலைவர் சொல்லக்கூடும். கொடுத்தவர்களிடம் அவகாசம் கேட்டு, அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் தாராளமாக நடத்தட்டும். அதற்கு முன்னால் அந்த பில் கணக்கிலிருந்து வெளியே வர வேண்டும்.