கார் ஹெட்லைட் பல்பை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

ஹாலஜன் பல்பு என்றால் தாராளமாக மாற்றலாம். நம்மூர் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது எச்4 என்ற வகை. ஹை பீம், லோ பீம் இரண்டுக்கும் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள், 60/55 வாட்.

பல்பு ஆறியதும் பானெட்டைத் திறந்து, பின்னாலிருக்கும் மூன்று முனை சாக்கெட்டை இழுங்கள். ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்பு கையோடு வந்துவிடும். கிளிப் மாட்டியிருக்கும் விதத்தை முதலிலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் அரைமணி நேரம் திண்டாடினேன்.

புதுப் பல்பின் கண்ணாடியை மட்டும் விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப்பசை ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். தெரியாமல் தொட்டுவிட்டால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்துவிடலாம். அப்புறம், வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பைப் போட்டுவிடாதீர்கள், சாக்கெட் உருகிவிடக்கூடும்.