சிகாகோ ஏரிக்கரையில் ஜியோகேச்சிங்: போன் காட்டும் இடத்தில் பெட்டி ஏன் இல்லை?

சிகாகோ ஏரிக்கரைப் பாதையில் ஜியோகேச்சிங் (ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை, போனின் ஜிபிஎஸ் காட்டும் இடத்தை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு) போனபோது, போன் காட்டிய இடத்தில் எவ்வளவு தேடியும் பெட்டி கிடைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன் காட்டும் புள்ளியை ஒரு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த வானத்தின் கீழேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும். மிச்சிகன் ஏரியை ஒட்டிச் சுமார் 29 கிலோமீட்டர் நீளும் இந்தப் பாதையில், நகர மையத்தை நெருங்க நெருங்கப் பிழை கூடும். செயற்கைக்கோள் சிக்னல் உயரமான கட்டடங்களில் பட்டுத் திரும்பி வருவதால் தூரக் கணக்கு பிசகிவிடுகிறது. பெட்டியை ஒளித்தவரின் கருவியிலும் இதே பிழை இருந்திருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் கடைசிப் பத்து மீட்டரில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கண்ணால் தேடுங்கள். பெட்டி என்றதும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்குள் பெரும்பாலும் விரல்நுனி அளவுள்ள காந்தக் குப்பிதான். பெஞ்சின் அடியில், இரும்பு வேலியின் உட்பக்கத்தில் மெல்லத் தடவிப் பாருங்கள். மூடியைத் திருகினால் உள்ளே சுருட்டிய காகிதம், சில சமயம் ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். பேனா வைக்க அதில் இடம் இருக்காது, நீங்களே கொண்டுபோங்கள். அந்தக் காகிதத்தில் உங்கள் பெயரை எழுதியதும் குப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மண்ணைத் தோண்ட வேண்டியதே இல்லை, நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் குழி தோண்டிப் புதைத்து வைக்க விதியில் இடமில்லை.

அப்புறம் ஒன்று: குளிர்காலத்தில் கரையோரக் கற்படிகளில் பனி உறைந்திருந்தால் இறங்கவே இறங்காதீர்கள்.