வீட்டில் செய்யும் மோஷன் சிமுலேட்டர்: மோட்டாரையும் டிரைவரையும் பூட்டுவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

கார் ரேஸ் கேமுக்காக இருக்கையை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் சிமுலேட்டர் செய்கிறீர்கள். 12 வோல்ட் வார்ம் கியர் மோட்டார் இரண்டு, மோட்டாரின் வேகத்தையும் திசையையும் மாற்றும் பிடிஎஸ்7960 டிரைவர் போர்டு இரண்டு, அவற்றுக்குக் கட்டளை கொடுக்கும் அர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று வாங்கியாயிற்று. பேட்டரியில் தொட்டால் மோட்டார் நன்றாகச் சுற்றுகிறது, இனி பூட்டிவிடலாமா என்பது கேள்வி.

வேண்டாம், பொறுங்கள். சிமுலேட்டரில் மோட்டார் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருக்காது. நின்று, திரும்பி, உடனே மறுபடி திரும்பும். டிரைவர் கருகுவதும் பவர் சப்ளை அணைவதும் பெரும்பாலும் அந்தத் திரும்பும் நேரத்தில்தான். அதனால் நான் எந்த மோட்டாரையும் திருப்பிப் பார்க்காமல் பூட்ட மாட்டேன்.

முதலில் மோட்டார் சுருளின் தடை தெரிய வேண்டும். மல்டிமீட்டரின் ஓம் அளவை இதற்கு நம்ப முடியாது, அதன் வயர்களின் தடையே கணக்கைக் கெடுத்துவிடும். கரண்ட் லிமிட் வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 2 ஆம்பியர் மட்டும் விடுங்கள். ஷாஃப்டை வைஸில் இறுக்கிவிட்டு மோட்டார் முனைகளில் வோல்ட்டை அளந்து பாருங்கள். 0.8 வோல்ட் காட்டினால் தடை 0.4 ஓம். கார்பன் பிரஷ் உட்காரும் இடத்தைப் பொறுத்து எண் மாறும் என்பதால், ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சில இடங்களில் அளப்பது நல்லது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 0.4 ஓம் மோட்டார் 12 வோல்ட்டில் முடங்கி நின்றால் 30 ஆம்பியர் இழுக்கும். முழு வேகத்தில் ஓடும்போது அதுவே ஏறக்குறைய 10 வோல்ட்டை எதிர்ப்பக்கமாக உண்டாக்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் திடீரென்று திசையை மாற்றினால் இரண்டும் சேர்ந்து 22 வோல்ட், அதாவது 55 ஆம்பியர். பிடிஎஸ்7960 போர்டை 43 ஆம்பியர் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது சிப் தன்னைக் காத்துக்கொள்ளக் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் அளவு, தொடர்ந்து ஓட்டும் அளவு அல்ல. அந்தச் சின்ன ஹீட் சிங்க்கை வைத்துக்கொண்டு தொடர்ச்சியாக 15 ஆம்பியருக்கு மேல் நான் கேட்க மாட்டேன். நிரலில் வேகம் படிப்படியாக ஏறி இறங்கும்படி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

டிரைவரைத் தனியாகச் சோதிக்கக் கார் ஹெட்லைட் பல்ப் போதும். 12 வோல்ட் 55 வாட் பல்ப் சுமார் நாலரை ஆம்பியர் எடுக்கும். டிரைவரை இயங்க அனுமதிக்கும் இரண்டு எனேபிள் முனைகளுக்கும் 5 வோல்ட் கொடுத்து, இரண்டு திசையிலும் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். வெளிச்சம் சீராக ஏற வேண்டும். ஒரு திசையில் மட்டும் மினுக்கினால் அந்தப் பக்கத்து சிப்போ சால்டரிங்கோ சரியில்லை. மோட்டாரை இணைக்கும் முன்பே இது தெரிந்துவிடும்.

அப்புறம் பவர் சப்ளை. வேகம் குறையும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கரண்ட்டைத் திருப்பி அனுப்பும். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. வோல்ட் எகிறிப் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். லெட் ஆசிட் பேட்டரி வாங்கிக்கொள்ளும். அதனால் முதல் சோதனைகளுக்குப் பழைய கார் பேட்டரிதான் என் தேர்வு. பேட்டரி முனையை ஒட்டியே ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். ஷார்ட் ஆனால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பிறகு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மாறி அதே சோதனையைச் செய்யுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

நிலையைச் சொல்லும் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை மாட்டும்போது, ஷாஃப்டில் பூட்டி இருக்கையைத் தள்ளும் கிராங்க் கையைக் கழற்றி வையுங்கள். அதன் இரு ஓர வயர்கள் இடம் மாறியிருந்தால், பிஐடி, அதாவது இலக்குக்கும் உண்மை நிலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருத்தும் நிரல் பகுதி, திருத்துவதற்குப் பதிலாக மோட்டாரை எதிர்ப்பக்கம் விரட்டும். கை மாட்டியிருந்தால் கியர் பல் உடையும். ஓடும்போது ஒரு வயரைப் பிடுங்கியும் பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் நிரலின் எல்லை அமைப்பைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது. அர்டுயினோவில் ஏற்றும் எஸ்எம்சி3 நிரல் பயன்படுத்தினால் இலக்கையும் உண்மை நிலையையும் கணினித் திரையில் கோடுகளாகப் பார்க்கலாம். கேமின் அசைவை அர்டுயினோவுக்கு அனுப்ப சிம்டூல்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, அதற்கு இப்போது அவசரமில்லை.

எடைச் சோதனைக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன். 10 சென்டிமீட்டர் கையில் தொங்கவிட்டால், கை படுக்கையாக இருக்கும்போது ஷாஃப்டில் சுமார் 20 நியூட்டன் மீட்டர். 5 சென்டிமீட்டர் கையில் 40 கிலோ தள்ளுவதும் அதே சுமைதான். சீராக ஏறி இறங்கும் மெதுவான சைன் அலையில் தொடங்கி வேகத்தைக் கூட்டி, கடைசியில் சட்டென்று திசை மாற்றும் சதுர அலை கொடுங்கள். கேனுக்கு அடியில் கால் வைக்காதீர்கள். அரைமணி நேரம் ஓட்டி, ஹீட் சிங்க்கின் சூட்டை அகச்சிவப்பு தெர்மாமீட்டரில் பாருங்கள். நடுநடுவே மோட்டார் வெட்டி வெட்டி நின்றால் சிப் சூடேறி அணைகிறது என்று பொருள். சின்ன ஃபேன் வைத்தும் நிற்காவிட்டால் பெரிய டிரைவர் வாங்கிவிடுங்கள். திரும்பும்போது 'டக்' சத்தம் கேட்டால் அது கியர் இடைவெளி. எந்த நிரலாலும் அது போகாது.

எமர்ஜென்சி ஸ்விட்ச் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே வெட்ட வேண்டும். ஏசிக்கான ஸ்விட்ச் டிசி கரண்ட்டை வெட்டும்போது தீப்பொறி நிற்காமல் ஒட்டிக்கொள்ளலாம், டிசி அளவு எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். இருக்கையில் பூட்டிய பிறகும் முதலில் ஆளை உட்கார வைக்காதீர்கள். உங்கள் எடைக்கு அரிசி மூட்டைகளைக் கட்டி வைத்து, ஒரு முழு ரேஸை ஓட விட்டு, எல்லா போல்ட்டுகளையும் திரும்ப முடுக்கிய பிறகு உட்காருங்கள்.