கொலஸ்ட்ராலைக் குறைத்தால் முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய் அடங்குமா?

கேள்வி இதுதான்: சிங்கப்பூரில் இருக்கும் ஒருவரின் அப்பாவுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. ஹார்மோன் ஊசிக்கு முன்போல் அடங்கவில்லை. கொலஸ்ட்ரால் கிடைக்காவிட்டால் கட்டி சுருங்கும் என்று எங்கோ வாசித்திருக்கிறார். முட்டை, ஆட்டுக்கறியை நிறுத்திவிட்டு, பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தந்த கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டினைக் கூட்டிக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

நான் இங்கே ஒரு மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறேன். மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம், அது முதலில். ஆனால் நீங்கள் வாசித்தது கட்டுக்கதை இல்லை.

இந்தப் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நம்பி வளர்வது. அதைக் குறைத்தால் நோய் தணியும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் 1941இல் காட்டினார். அதற்காக 1966இல் நோபல் பரிசும் பெற்றார். அப்பா போட்டுக்கொள்ளும் ஊசிக்கு அடிப்படை அதுவே. அந்த டெஸ்டோஸ்டிரோனை உடல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது. ஊசி போட்டும் நோய் திரும்பத் தலைதூக்கும்போது, பல நேரம் கட்டியே தனக்கு வேண்டிய ஹார்மோனைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும். 2011 முதல் பயன்பாட்டில் இருக்கும் அபிராட்டிரோன் என்ற மருந்து, கொலஸ்ட்ராலிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வரைக்குமான பாதையின் நடுவில் இருக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. அதாவது, நீங்கள் கேட்கும் வைத்தியத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே மாத்திரையாகக் கையில் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2014இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, முற்றிய புரோஸ்டேட் புற்றணுக்கள் கொலஸ்ட்ராலைக் கொழுப்புத் துளிகளாகச் சேர்த்து வைப்பதைக் கண்டது. அந்தச் சேமிப்பைத் தடுத்ததும் எலிகளில் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் ஆராய்ச்சி இது. ஆனால் எலியில் பலித்ததை அப்பாவுக்கு மருந்தாகக் கொடுத்துவிட முடியாது.

சரி, ஸ்டேட்டின், அதாவது அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற மருந்து? ஏற்கெனவே அதைச் சாப்பிட்டு வந்தவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை கூடுதல் காலம் பலன் தந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஹார்மோனின் மூலப்பொருள் ஒன்று அணுவுக்குள் நுழையும் அதே வாசலை ஸ்டேட்டினும் பிடித்துக்கொள்வது காரணமாக இருக்கலாம். ஆனால் ஃபின்லாந்தில் அறுவைக்கு முன் சுமார் 160 பேரை வைத்து, பாதிப் பேருக்கு 80 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்தபோது, கட்டி அணுக்கள் பெருகும் வேகத்தில் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் நோய் பரவாதவர்கள். எப்படியானாலும், அளவைக் கூட்டுவதற்கு இது ஆதாரம் ஆகாது.

சாப்பாட்டை நிறுத்துவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. வெளியிலிருந்து கொலஸ்ட்ரால் குறைந்தால் புற்றணு தானே கூடுதலாகத் தயாரித்துக்கொள்ளும். ஹார்மோன் சிகிச்சையில் தசை கரையும். அப்பா மெலிந்து வருகிறார் என்றால் முட்டையைப் பறிக்காதீர்கள். பொரித்ததையும் தேங்காய்ப்பாலையும் குறைப்பது இதயத்துக்கு நல்லது. ஹார்மோன் சிகிச்சை சர்க்கரையையும் கெட்ட கொழுப்பையும் ஏற்றக்கூடியது. டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டேட்டினை விடாமல் சாப்பிடச் சொல்வதும் அதனால்தான்.

அபிராட்டிரோன் கொடுத்திருந்தால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வெறும் வயிற்றில் மட்டுமே: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை, அதன் பிறகு ஒரு மணி நேரம் சாப்பாடு எதுவும் வேண்டாம். எங்கள் கவுண்டருக்கு வந்த ஒரு பெரியவர், தேக்காவில் பிராட்டாவும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிட்ட கையோடு நான்கு மாத்திரையையும் விழுங்கி வந்திருக்கிறார், வயிறு புண்ணாகாமல் இருக்கட்டும் என்று. கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் இந்த மருந்து பத்து மடங்குவரை உடலில் ஏறும்.

இதே நோய்க்குத் தரும் இன்னொரு மருந்தான என்சலுட்டமைட் என்றால் கதை வேறு. அது அட்டோர்வாஸ்டாட்டினின் வேலையையே குறைத்துவிடலாம். பலதுறை மருந்தகத்துக்கும் புற்றுநோய்ப் பிரிவுக்கும் தனித்தனியாகப் போகிறவர்கள் எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டுவது நல்லது. சீன மருந்துக் கடையில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அதில் இருப்பதும் ஒரு ஸ்டேட்டின்தான், லோவாஸ்டாட்டின். இரண்டும் சேர்ந்தால் தசை பாதிக்கப்படலாம். அப்பாவுக்குக் காரணமில்லாமல் தசை வலித்தாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.